தேன்சிட்டு டவுட்: ரெண்டும் ஒரே ஜோடியா, வேற வேறயா? யாராச்சும் சொல்லுங்க

மாடித்தோட்டம்_மதுரை:
எங்க மாடில துணி காயப்போடுற கம்பில ஒரு தேன்சிட்டு ரெண்டு வாரமா கூடு கட்டுது, சிலந்தி வலை சருகு நாருன்னு என்னத்தையோ கொண்டாந்து தொங்குற பை மாதிரி கட்டி வாசலுக்கு மேல சின்னதா தாழ்வாரம் வேற இறக்கியிருக்கு. கட்டுறது பொண்ணுதான்னு நினைக்கிறேன், தொண்டை வெளுப்பு, நெஞ்சு மஞ்சள். நேத்து செம்பருத்திக்கு இன்னொன்னு வந்துச்சு, அடிப்பக்கம் மஞ்சள், ஆனா தொண்டைலேருந்து வயிறு வரைக்கும் நடுவுல மை ஊத்துன மாதிரி கோடு. இதான் புருஷனா? புக்ல ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுன்னு ரெண்டு போட்டிருக்கு, படிச்சா தலை சுத்துது.

டீக்கடை_பெஞ்ச்:
ஹம்மிங்பேர்டு ப்ரோ அது.

கண்மாய்க்கரை:
ஹம்மிங்பேர்டு நம்மூர்ல கிடையாதுப்பா, அது அமெரிக்கப் பக்கம். மாடித்தோட்டம் அண்ணே, ரெண்டும் வேற வேற இனம். கூடு கட்டுறது ஊதாப்பிட்டு, அந்த வெளுத்த தொண்டைதான் அடையாளம், ஊதாத் தேன்சிட்டுப் பொண்ணுக்கு தொண்டைலயே மஞ்சள் ஆரம்பிச்சிரும். கோடு போட்டு வந்தவரு ஊதாத் தேன்சிட்டு ஆம்பள. இப்ப புரட்டாசில்ல, சீசன் முடிஞ்சு பளபளப்பு இறகையெல்லாம் உதுத்துட்டு பொண்ணு மாதிரி ஆயிட்டாரு, மிச்சம் அந்தக் கோடுதான். மாசி பங்குனில பாருங்க, நிழல்ல வெறும் கருப்பு, வெயில் பட்டா நீலமும் ஊதாவுமா மின்னும். ஊதாப்பிட்டு ஆணுக்கு இப்படி வேஷம் மாத்துற சோலியே இல்ல, வருஷம் பூரா மஞ்ச வயிறு, அரக்குக் கலர் முதுகு.

மாடித்தோட்டம்_மதுரை:
அப்ப இவளோட புருஷன் எங்க போனான்?

கண்மாய்க்கரை:
பக்கத்துலதான் சுத்துவான். கட்டுறது அவ வேலை, இவரு குஞ்சு பொரிச்சப்புறம் தீனி ஊட்ட வருவாரு.

ஒத்தப்பனை:
கோடு போட்டதோட அலகையும் கவனிங்க சார். ரொம்ப நீளமா நல்லா வளைஞ்சிருந்தா லோட்டன் தேன்சிட்டா இருக்கலாம், நான் ஒரு வருஷம் பூரா அதை ஊதான்னே எழுதி வச்சு ஏமாந்தேன். அப்புறம் கூட்டைத் தொட்டுப் பாக்காதீங்க, பெரும்பாலும் 2 முட்டைதான், பொரிக்க 15 நாள், குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும்.

மாடித்தோட்டம்_மதுரை:
அலகு அவ்ளோ நீளமில்ல, அப்ப ஊதாதான். காலைல புருஷனும் வந்துட்டான், டிஷ் ஒயர்ல உக்காந்திருந்தான், அரக்கு முதுகு மஞ்ச வயிறு, அச்சு அசலா நீங்க சொன்ன மாதிரியே. அம்மா இப்ப துணியெல்லாம் கீழ் வீட்டுக் கொடில போடுறாங்க, கீழ் வீட்டு அக்காதான் முறைக்குது.