புதுப்பிப்பு: முயல் தீனிச் செலவு பாதியாகக் குறைந்தது (பெங்களூரு)

எங்கள் முயல் காய்ந்த புல்லைத் தொடுவதில்லை, பெல்லட் என்ற கடைத் தீனியும் கேரட்டும்தான் கேட்கிறது, பின்பக்கம் ஈரப் புழுக்கை ஒட்டுகிறது, மாதம் 1,500 ரூபாய் ஆகிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது அருகம்புல் யோசனைதான். அல்சூரில் கோயில் வாசல் பூக்கார அக்காவிடம் தினம் பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி, நன்றாக அலசி, காய்ந்த புல்லுக்குள் செருகி வைத்தேன். அருகம்புல்லைத் தேடித் தேடி இழுத்ததில் காய்ந்த புல்லும் வாய்க்குள் போய்ப் பழகிவிட்டது. பெல்லட்டை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைத்தேன். கேரட் வாரம் இரண்டு துண்டுதான். முள்ளங்கி இலையைக் காய்கறிக்காரர் சும்மாவே தருகிறார்.

இப்போது புழுக்கை உருண்டையாக, உலர்ந்து விழுகிறது. நசுக்கினால் உள்ளே நார் தெரிகிறது. பின்பக்கமும் சுத்தம். செலவு 700 ரூபாய்.

எதிர்பாராதது ஒன்று: நடுவில் ஒருநாள் சிறுநீர் செங்கல் நிறத்தில் வந்தது. பதறிப்போய் மருத்துவரிடம் ஓடினோம். சோதித்துவிட்டு, ரத்தமில்லை, இலைதழையின் நிறமி என்றார். இரண்டு நாளில் சரியானது. உங்கள் முயலுக்கு அப்படி வந்தால், நீங்களே முடிவு செய்யாமல் தயவுசெய்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.