வீட்டு ஜெல்லிஃபினை வெளியூரிலிருந்து பாதுகாப்பாகப் பார்க்க என்ன வழி?

வணக்கம். பென்னாகரத்தில் எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் (நம் வீடியோக்களை நாமே ஸ்ட்ரீம் செய்து பார்க்க உதவும் மீடியா சர்வர்) ஓடுகிறது. தங்கச்சி கல்யாண வீடியோ, அப்பா சேர்த்து வைத்த தெருக்கூத்துப் பதிவுகள் எல்லாம் அதில்தான். நான் இருப்பது ஓசூரில்.

ரவுட்டரில் 8096 போர்ட்டைத் திறந்து பார்த்தேன், வெளியிலிருந்து எட்டவில்லை. ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.72 என்று தொடங்குகிறது, அப்போ சிஜிநாட்தான் (இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுப்பது; வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது). ஒருவிதத்தில் நல்லதாயிற்று, கடவுச்சொல் குறியாக்கம் இல்லாத வெறும் ஹெச்டிடிபியில் போயிருக்கும். திறந்ததை மூடிவிட்டேன்.

அப்புறம் டெயில்ஸ்கேல் (நம் சாதனங்களை மட்டும் தனி வலையில் இணைக்கும் விபிஎன்) போட்டேன். என் போனில் சட்டென்று வந்துவிட்டது. சிக்கல் கிருஷ்ணகிரியில், தங்கச்சி மாமியார் வீட்டு டிவியில்: அதில் டெயில்ஸ்கேல் ஆப்பே கிடைக்கவில்லை. அவர்களுக்காக ஒரு விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சிறு சர்வர்) வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து வீடு வரை வயர்கார்டு விபிஎன் இணைப்பு, முன்னால் கேடி என்ற வெப் சர்வர் வைத்து ஹெச்டிடிபிஎஸ்ஸில் கொடுக்கலாமா? இல்லை, டெயில்ஸ்கேல் போட ஓர் ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்கி மாட்டுவதே மேலா? விபிஎஸ் வழியில் போனவர்கள் லாகின் பக்கத்துக்கு ஃபெயில்2பேன் (தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடும் ஐபியைத் தடுப்பது) போட்டீர்களா? பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும், அத்தை தினமும் கேட்கிறார்.