இந்த வருடம் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களே,

நம்மில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 24-ஆம் தேதி சாயங்காலம் வந்து இறங்குகிறோம். ராத்திரிப் பூசை, மறுநாள் பிரியாணி, இரண்டு வீடு பார்த்தல், அப்புறம் பெட்டியைக் கட்டிவிடுகிறோம். போன வருடம் எனக்கு லீவு முன்கூட்டியே கிடைத்தது. மார்கழி பிறந்த கையோடு ஊரில் இருந்தேன். அந்த வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை நீங்களும் அப்படி வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விடியுமுன்பே பெருமாள் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். கதவைத் திறந்தால் தெரு முழுக்கக் கோலம், சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூ. நம் வீட்டு வாசலில் அதே மாக்கோலம், அதன் மேலே திண்ணை ஓரம் தொங்குகிற நட்சத்திரம். பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை ஏறிக் கிடக்கும் மாதம் இது. ஊரில் பெண்கள் தலையில் டிசம்பர் பூவும் கனகாம்பரமும்தான். வைகைப் பேரணையில் பிரிந்து வரும் பெரியாறு வாய்க்கால் நிறைந்து ஓடியது. இரண்டாம் போக நடவு முடிந்து வயல் பச்சையாக நின்றது. 24-ஆம் தேதி இருட்டில் வந்து இறங்குகிறவர்கள் இதையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறோம்?

வீட்டில் முதல் வேலை அதிரச மாவு. அது சில நாளாவது புளிக்க வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் செய்யவே முடியாது. பச்சரிசியை ஊறப்போட்டு, வடித்து, வேட்டியில் நிழலில் பரப்பி, ஈரம் போகுமுன்பே இடிக்க வேண்டும். அதன் பிறகு வெல்லப் பாகு. எங்கள் பெரியம்மா அடுப்பைவிட்டு நகராமல், கிண்ணத்துத் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரைந்து போனால் இன்னும் கொதிக்கணும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். இளம்பாகாக இருந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும், முற்றினால் பல் போகும். அந்தப் பதம் வந்த நொடியில் இறக்கி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மாவைக் கொட்டச் சொல்லி என்னைக் கிண்ட வைத்தார். மண்பானையில் அமுக்கி, வாயில் துணி கட்டி, அடுப்படி மூலையில் வைத்தாயிற்று. முறுக்கும் அச்சு முறுக்கும் 22, 23 தேதிகளில் சுட்டோம். அதற்கு இரண்டு கை கூட இருந்தால் போதும். அதிரசத்துக்குக் கண் வேண்டும், அது ஊரில் இப்போது மூன்று நான்கு பேரிடம்தான் இருக்கிறது.

அடுத்தது குழந்தை இயேசுவின் குடில். புல்தரைக்காக ஒரு வாரம் முன்பு கேழ்வரகு விதைப்பது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய மூங்கில் தட்டில் வைக்கோல், அதன் மேல் பொடித்த எரு, அதன் மேல் ராத்திரி முழுக்க ஊறிய கேழ்வரகு. எதிர்வீட்டு அத்தை வருடா வருடம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுகிறவர். அவர்தான் எருவும் கொடுத்து, தண்ணீரைக் கையால் தெளிக்கச் சொல்லிக் காட்டினார். ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுமாம். “முளைப்பாரின்னா இருட்டிலேயே வச்சு நெடுநெடுன்னு வளக்கணும்த்தா. உங்க குடிலுக்குப் பச்சைதானே வேணும், முளை கண்டதும் வெளிய எடுத்துரு” என்றார். சொன்னபடியே செய்தோம். 24-ஆம் தேதி விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. காலையில் எழுந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடியது அந்தத் தட்டைப் பார்க்கத்தான்.

நம் மாதா கோயில் குடிலுக்கு முதல் போக வைக்கோலை ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்தார்கள். 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் வைத்தபோது வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து ஒரு கன்றுக்குட்டியையாவது கட்ட வேண்டும் என்று நம் பையன்கள் பிடிவாதம் பிடித்து, ஒரு மணி நேரம் கட்டியும் விட்டார்கள்.

நட்சத்திரம் இப்போது எல்லோரும் கடையில் வாங்குவதுதான். சித்தப்பா மட்டும் இன்னும் மூங்கில் சிம்பு சீவி, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து சிம்பைப் பிடிக்க ஆள் வேண்டும்.

மற்றபடி அமைதியான வாரம். அரையாண்டுத் தேர்வு முடியாததால் பிள்ளைகள் சாயங்காலம்தான் கேரல் பாட்டுக்குப் பழகினார்கள். நம் பங்கில் கிளை ஊர்கள் பல, சாமியார் ஒருவர். அதனால் பூசை நேரம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் முடிவாகிறது. பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க அவர் வந்த அன்று கோயில் வெளித் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது எல்லாம் அறுபது தாண்டியவர்கள். எனக்கு மனதைப் பிசைந்தது அதுதான். வெள்ளையடிப்பது, பாத்திரம் விளக்குவது, மாவு இடிப்பது, அத்தனையையும் அவர்கள்தான் செய்கிறார்கள். நாம் அனுப்பும் பணத்தில் சேலையும் சட்டையும் மதுரை விளக்குத்தூண் கடைகளில் வாங்கிவிடலாம். பானையைத் தூக்கி வைக்க ஆள்தான் வேண்டும்.

வேலை என்பதைவிட முக்கியம், அந்த வாரத்தில்தான் பேசுகிறார்கள். பண்டிகை அன்று அம்மாவுக்கு நம்மோடு உட்கார நேரமே இருக்காது. முறுக்குப் பிழியும் மதியத்தில், தாத்தா எந்த ஊரிலிருந்து இங்கே வந்தார், கோயில் நிலத்தை யார் கொடுத்தது என்பதெல்லாம் கேட்காமலே வந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊர்ச் சங்க மலருக்கு அனுப்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. டிசம்பர் 17, 18 வண்டிக்கு அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவை இப்போதே எழுதிக் கொடுங்கள். முழு வாரம் முடியாதவர்கள் 21-க்காவது வாருங்கள், முறுக்குக்குச் சேர்ந்துகொள்ளலாம். யார் யார், எத்தனை பேர், எந்தத் தேதி என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். எத்தனை படி அரிசி ஊறப்போட என்று பெரியம்மா இப்போதே போனில் கேட்க ஆரம்பித்துவிட்டார்.