ஈவோ 8, ஸ்டாக் டர்போ: 264 கேமா, 272 கேமா?

கிள்ளான்ஈவோ:

வணக்கம். கார் மிட்சுபிஷி லான்சர் ஈவோ 8. 4ஜி63 இன்ஜின், பாட்டம் எண்ட் (க்ராங்க், ராட், பிஸ்டன் பகுதி) திறக்கவே இல்லை. டர்போவும் கம்பெனியில் வந்த டிடி05 தான். 3 அங்குல எக்சாஸ்ட், பெரிய இன்டர்கூலர், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போட்டாச்சு. பூஸ்ட் 1.5 பார் வரை ஏறி, 7,000 ஆர்பிஎம் பக்கம் 1.3க்கு இறங்குது. 97 ஆக்டேன் பெட்ரோல். தினமும் வேலைக்குப் போகிற கார், எப்போதாவது செப்பாங் ரேஸ் டிராக்.

5,500க்கு மேலே இழுவை தளர்ந்து போவதுதான் பிரச்சினை. கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றலாம் என்று இருக்கேன். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு, க்ராங்க் டிகிரியில்) 264, 272, 280 என்று மூன்று சொல்றாங்க. எது பொருந்தும்? புது வால்வு ஸ்பிரிங் கட்டாயமா? அட்ஜஸ்டபிள் கேம் கியர் (கேமின் நேரத்தை நகர்த்த விடும் கியர்) காசுக்குத் தகுமா? பாதி விலையில் பழைய கேமையே தேய்த்து ரீகிரைண்ட் பண்ணித் தர்றேன் என்கிறார் ஒருத்தர், அது எப்படி?

ஓவர்லாப்:

முதலில் ஒன்று: 264, 272 என்ற எண்ணை மட்டும் வைத்து இரண்டு கம்பெனி கேம்களை ஒப்பிடாதீங்க. வால்வு எவ்வளவு எழுந்த பிறகு டிகிரியை எண்ணத் தொடங்குறாங்க என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமோடு வரும் அளவுத் தாளில் (கேம் கார்டு) 1 மி.மீ. லிஃப்டிலோ 1.27 மி.மீ. லிஃப்டிலோ எத்தனை டிகிரி என்று போட்டிருப்பாங்க. அதை வைத்துத்தான் ஒப்பிடணும். ஒருத்தருடைய 272 இன்னொருத்தருடைய 264ஐ விடச் சின்னதாக இருப்பதும் உண்டு.

அடுத்தது ஓவர்லாப், அதாவது இன்டேக், எக்சாஸ்ட் வால்வு இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். கணக்கு எளிது: இன்டேக், எக்சாஸ்ட் டியூரேஷன்களின் சராசரி, அதிலிருந்து லோப் செபரேஷனின் (இன்டேக், எக்சாஸ்ட் கேம் முனைகளின் உச்சத்துக்கு இடையே உள்ள கோணம்) இரட்டிப்பைக் கழிக்கணும். 272/272 கேம், லோப் செபரேஷன் 110 என்றால் 272 − 220 = 52 டிகிரி. 264/264, செபரேஷன் 112 என்றால் 264 − 224 = 40. அதாவது அந்த 52 டிகிரி நேரமும் இரண்டு வால்வும் கொஞ்சமாவது திறந்தே இருக்கும்.

டர்போ இல்லாத இன்ஜினில் அது நல்லது, எக்சாஸ்டில் உருவாகும் இழுப்பு புதுக் காற்றை உள்ளே கொண்டு வரும். டர்போ இன்ஜினில், எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் டர்பைனுக்கு முன்னால் தேங்கும் அழுத்தம் பூஸ்ட்டை விட அதிகமானால் கதை தலைகீழ். எரிந்த புகை திரும்ப சிலிண்டருக்குள்ளே வரும், இன்டேக் போர்ட் வரைக்கும்கூட ஏறும். சூடு கூடும், நாக் ஆகும் (கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும்), ட்யூனர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுப்பார், கடைசியில் பெரிய கேம் போட்டு பவர் குறையும். கம்பெனி டர்போவின் டர்பைன் சீக்கிரம் வேகமெடுத்து ஸ்பூல் ஆகத்தான் சின்னதாக வச்சிருக்காங்க. மேல் ஆர்பிஎம்மில் அடைப்பு அங்கேதான்.

அதனால் கேம் வாங்குவதற்கு முன்னால் அந்த அழுத்தத்தை அளந்து பாருங்க. எக்சாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போ ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில், 1/8 அங்குல த்ரெட் உள்ள ஒரு பங் (சின்ன உலோக வளையம்) வெல்ட் பண்ணணும். அதிலிருந்து அரை மீட்டர் ஸ்டீல் குழாயை இரண்டு மூன்று சுற்று சுருட்டி விட்டால் சூடு இறங்கிடும். முனையில் 0–4 பார் கேஜ். ரப்பர் ஹோஸை நேரடியாகப் போட்டால் முதல் ரன்னிலேயே உருகும். 4,000லிருந்து 7,000 வரை ஒவ்வொரு 500க்கும் பூஸ்ட்டையும் இதையும் சேர்த்துக் குறிச்சுக்கோங்க.

280 பற்றிப் பேசவே வேண்டாம். அது பெரிய டர்போவோடு 8,000 தாண்டிச் சுற்றுகிற இன்ஜினுக்கு. 88 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 7,500 ஆர்பிஎம்முக்கு பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 22 மீட்டர், 8,500க்கு 25 மீட்டர். ஸ்டாக் ராடை வச்சுக்கிட்டு அங்கே போகாதீங்க.

பெல்ட்பக்கம்:

ரீகிரைண்ட் வேண்டாம் தம்பி. லோபின் உயரத்தைக் கூட்ட முடியாது, அடி வட்டத்தைத் தேய்த்துத்தான் லிஃப்ட் எடுப்பாங்க. அடி வட்டம் சிறுத்தால் அந்த இடைவெளியை ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர் எழும்பி நிரப்பணும். அதன் பயணம் சில மி.மீ. தான். கூடவே கேமின் மேற்பரப்பில் உள்ள கடினப் படலமும் தேய்ந்து போகும், பிறகு ராக்கரின் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) ரோலர் ஓடி ஓடிக் குழி விழும்.

ஸ்பிரிங் கட்டாயம். இன்டேக் வால்வு 34 மி.மீ., பரப்பு 9.1 சதுர செ.மீ. 1.5 பார் பூஸ்ட் அதன் முதுகில் 14 கிலோ கொடுக்கும். ஸ்பிரிங் சீட்டில் தரும் பலத்தில் அவ்வளவு போச்சு. இன்ஜினில் இருப்பது பல வருஷம் அமுங்கி எழுந்த ஸ்பிரிங். வால்வு மிதந்தால் (கேமைப் பின்தொடர முடியாமல் போனால்) என்ன ஆகும் என்றால், ராக்கருக்கும் கேமுக்கும் நடுவே விழும் இடைவெளியை லாஷ் அட்ஜஸ்டர் எண்ணெயால் நிரப்பிக்கும். அப்புறம் வால்வு முழுசா உட்காராது. 7,000க்கு மேலே இன்ஜின் தடுமாறும், காலை எடுத்துச் சில வினாடி விட்டால் தானே சரியாகும். இக்னிஷன் பிரச்சினை என்று நினைத்து பிளக், காயில் எல்லாம் மாற்றுவாங்க. மோசமானால் ராக்கரே கழன்று ஹெட்டுக்குள் விழும்.

ஸ்பிரிங் வாங்கும்போது ரிடெய்னரோடு (ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் தட்டு) சேர்த்து செட்டாக வாங்குங்க. முழு லிஃப்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, குறைந்தது 1 மி.மீ. மிச்சம் இருக்கணும். ரிடெய்னர் கீழே வரும்போது ஸ்டெம் சீலைத் தொடக் கூடாது. சீலை இந்தச் சமயத்தில் மாற்றாமல் விட்டால் மறுபடி இதே வேலை.

ஹெட்டை இறக்காமலே செய்யலாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை சிலிண்டருக்குள் விட்டு, கயிறு வால்வைத் தாங்குற வரைக்கும் க்ராங்கைக் கையால் சுற்றினால் வால்வு கீழே விழாது. கயிற்றின் முனை வெளியே இருக்கட்டும், உள்ளே போய்விட்டால் சிரமம்.

டைமிங் பெல்ட் போடும்போது கவனிக்க வேண்டியவை:

இரண்டு கேம் கியரின் டவல் பின்னும் 12 மணி திசையில் நிற்கணும், இரண்டின் குறிகளும் நடுவில் ஒன்றையொன்று பார்க்கணும். புது ஸ்பிரிங் கெட்டி என்பதால் கியர் குதிக்கப் பார்க்கும். பெரிய பேப்பர் கிளிப்பால் பெல்ட்டைக் கியரோடு பிடிச்சு வைங்க. பெல்ட் இல்லாத நேரத்தில் ஒரு கேமை மட்டும் இஷ்டத்துக்குச் சுற்றினால் இன்டேக் வால்வும் எக்சாஸ்ட் வால்வும் உள்ளே ஒன்றோடொன்று இடிக்கும்.

ஆயில் பம்ப் கியரில் நிறைய பேர் ஏமாறுறாங்க. குறி நேராக இருந்தாலும் அதோடு சுற்றும் பேலன்ஸ் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) பாதிச் சுற்று தப்பாக நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள மூடி பிளக்கைக் கழற்றி 8 மி.மீ. தடிப்புள்ள ஸ்க்ரூடிரைவரை விடுங்க. 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20, 25இல் முட்டினால் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி பாருங்க. பேலன்ஸ் ஷாஃப்டை எடுத்துவிட்ட இன்ஜினுக்கு இது வேண்டாம்.

கேம் கேப் போல்ட் 20 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளியே இரண்டு மூன்று தடவையாக. கேப்கள் இடம் மாறக் கூடாது. கேம் கியர் போல்ட் 88, கேமின் அறுகோணப் பகுதியை ஸ்பேனரால் பிடிச்சுக்கிட்டு முறுக்குங்க. பெல்ட் போட்டு டென்ஷனர் பின்னை உருவின பிறகு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வச்சு, க்ராங்கைக் கடிகார திசையில் கையால் சில முழுச் சுற்றுகள். எங்காவது முட்டினால் பலம் போடாதீங்க, நிறுத்திக் குறிகளைப் பாருங்க. 15 நிமிடம் விட்டு ஆட்டோ டென்ஷனர் தண்டு எவ்வளவு நீட்டி நிற்குது என்று அளங்க. 3.8லிருந்து 4.5 மி.மீ.க்குள் இருக்கணும்.

ரோலர் ராக்கர் என்பதால் 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம்மில் வைத்து கேமைப் பழக்கும் பழைய சடங்கு தேவையில்லை. அசெம்பிளி லூப் தடவினால் போதும். முதல் ஸ்டார்ட்டில் டக் டக் சத்தம் வரும். அட்ஜஸ்டரில் காற்று இருக்கும், எண்ணெய் ஏறியதும் அடங்கணும்.

கிள்ளான்ஈவோ:

ரெண்டு பேருக்கும் நன்றி. பங் வெல்ட் பண்ணி அளந்தாச்சு. 4,000இல் பூஸ்ட் 1.5, எக்சாஸ்ட் பக்கம் 1.6. 5,500இல் 1.45க்கு 2.2. 7,000இல் 1.3க்கு 2.9. எல்லாம் கேஜ் ரீடிங். இது மோசமா?

வெர்னியர்:

கம்பெனி டர்போவுக்கு எதிர்பார்த்த கணக்குதான். விகிதம் பார்க்கும்போது இரண்டோடும் வளிமண்டலத்தின் 1 பாரைக் கூட்டணும்: 3.9க்கு 2.3, அதாவது 1.7 மடங்கு. 4,000இல் 2.6க்கு 2.5, கிட்டத்தட்ட சமம். இந்த வித்தியாசம்தான் உங்க கேள்விக்குப் பதில். கீழே ஓவர்லாப் உங்களைக் கெடுக்காது, 5,500க்கு மேலே கெடுக்கும். நீங்க பவர் தேடுவதோ அந்த மேல் பகுதியில்.

பெல்ட்பக்கம் அண்ணன் ஸ்பிரிங் மாற்றச் சொன்னது சரி, சொன்ன காரணத்தில் ஒரு திருத்தம். இன்டேக் வால்வு மூடுகிற நேரத்தில் சிலிண்டருக்குள்ளும் ஏறக்குறைய அதே பூஸ்ட்தான், அதனால் வால்வின் இரு பக்கமும் சமமாகிடும். எக்சாஸ்ட் ஸ்ட்ரோக்கில் கீழேயிருந்து வரும் அழுத்தம் அந்த வால்வை மூடத்தான் செய்யும். முழு 14 கிலோவும் ஸ்பிரிங்குக்கு எதிராக நிற்பதில்லை. ஆபத்து எக்சாஸ்ட் வால்வில். அது 30.5 மி.மீ., பரப்பு 7.3 சதுர செ.மீ. இன்டேக் ஸ்ட்ரோக் முடியும்போது சிலிண்டரில் 1.3, போர்ட்டில் 2.9. வித்தியாசம் 1.6 பார், வால்வைத் திறக்கப் பார்க்கும் விசை 12 கிலோ. கேஜ் காட்டுவது சராசரி. ட்வின் ஸ்க்ரோல் டர்போவில் (இரண்டு தனித்தனி எக்சாஸ்ட் பாதை) அடுத்த சிலிண்டரின் துடிப்பு எதிரில் வராமல் பிரிச்சிருந்தாலும், துடிப்பின் உச்சம் சராசரியை விட மேலேதான் இருக்கும். எக்சாஸ்ட் பக்கத்துக்கு ஸ்டாக் ஸ்பிரிங்கை விட்டுட்டு இன்டேக்குக்கு மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க.

கேம்: இந்த டர்போவையே வச்சிருப்பீங்க என்றால் 264. அடுத்த வருஷம் பெரிய டர்பைன் வரும் என்றால் 272 வாங்கி, இப்போதைக்குக் கேம் கியரில் செபரேஷனை விரிச்சு ஓட்டுங்க. ஸ்டாக் டர்போவில் 272 ஓடாது என்பதில்லை, நிறைய பேர் நன்றாகவே ஓட்டுறாங்க. ஸ்பூல் சில நூறு ஆர்பிஎம் தள்ளிப் போகும், ஐடிலில் லேசான ஆட்டம் இருக்கும். ஊருக்குள் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அது உறுத்தும்.

விரிப்பது என்றால்: இன்டேக்கை 2 டிகிரி பின்னுக்கு, எக்சாஸ்டை 2 டிகிரி முன்னுக்கு. 110 செபரேஷன் 112 ஆகும், 272இன் ஓவர்லாப் 52லிருந்து 48 ஆகும். நான் சொல்வது க்ராங்க் டிகிரி. கேம் 1 டிகிரி நகர்ந்தால் க்ராங்க் கணக்கில் 2. சில கியர்களில் கோடு கேம் டிகிரியில், சிலவற்றில் க்ராங்க் டிகிரியில். கவரில் வரும் தாளைப் படிக்காமல் தொட்டால் இரட்டிப்பாகத் திருப்பிடுவீங்க. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடம் குறைவது இன்டேக்கை முன்னுக்கும் எக்சாஸ்டைப் பின்னுக்கும் திருப்பும்போது. விரிப்பது பாதுகாப்பான திசை. ஆனாலும் ஹெட்டை எப்போதாவது பிளேன் பண்ணியிருந்தால் (தேய்த்துத் தட்டையாக்கியிருந்தால்) பிஸ்டன் மேலே களிமண் வச்சு அளக்காமல் விடாதீங்க. இன்டேக்கில் 2 மி.மீ., எக்சாஸ்டில் 2.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் களிமண்ணை அழுத்தும்போது தானும் அமுங்கி, இடம் தாராளமாக இருப்பதுபோல் காட்டும். அளக்கும்போது மட்டும் கெட்டியான அட்ஜஸ்டரும் மெல்லிய ஸ்பிரிங்கும் போட்டுக்கோங்க.

கியரைச் சுழியத்தில் வச்சால் கேம் கார்டில் உள்ள இடத்தில் நிற்கும் என்று நம்பாதீங்க. டிகிரி வீல், டயல் கேஜ், பிஸ்டன் ஸ்டாப் மூன்றும் வேணும். டயலை ரிடெய்னர் மேலே வச்சு, உச்ச லிஃப்டுக்கு முன்னும் பின்னும் 0.5 மி.மீ. குறையும் இடங்களைப் பாருங்க. 84இலும் 138இலும் வந்தால் நடு 111. கார்டு 110 என்றால் 1 க்ராங்க் டிகிரி பின்னால் நிற்குது, கேம் டிகிரிக் கோடு உள்ள கியரில் அரைக் கோடு. இதற்காகத்தான் அட்ஜஸ்டபிள் கியர். டைனோவில் (பவர் அளக்கும் மேடை) திருப்பி விளையாடுவது அதற்கு அப்புறம்.

ஓவர்லாப்:

1.7 என்றால் என் ஓட்டும் 264க்குத்தான்.

ட்யூனிங்கில் இரண்டு விஷயம். ஈவோ 8 காற்றை அளக்கும் சென்சாரில் ஓடுவது, அதனால் கேம் மாறினாலும் எரிபொருள் ஓரளவு தானே சரிக்கட்டும். மேப் (அழுத்தம் அளக்கும்) சென்சாருக்கு மாறியிருந்தால் பழைய டேபிள் முழுக்கத் தப்பு, ட்யூனரிடம் போகும் வரை பூஸ்ட் ஏற்றாதீங்க. இரண்டாவது ஐடில். ஓவர்லாப்பால் கலவை சரியாக எரியாதபோது எரியாத காற்று எக்சாஸ்டுக்குப் போகும், வைட்பேண்ட் சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டிக்கிட்டே போனால் பிளக் கருத்து ஊறிடும். ஐடிலை 950–1,000க்கு ஏற்றி, இன்ஜின் எதில் நிதானமாக நிற்குதோ அதில் விடுங்க, எண்ணைத் துரத்தாதீங்க.

கேம் போட்ட பிறகு அதே வேஸ்ட்கேட் டியூட்டியில் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வின் செட்டிங்) பூஸ்ட் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்படாதீங்க. தடை குறைந்து காற்று உள்ளே போயிருக்கு. பூஸ்ட்டைப் பழைய எண்ணுக்குக் கொண்டு வருவதற்கு முன்னால் காற்றளவையும் நாக் கவுண்ட்டையும் பார்க்கணும்.

கிள்ளான்ஈவோ:

264, ஸ்பிரிங் ரிடெய்னர் செட், ஸ்டெம் சீல், பெல்ட், டென்ஷனர், இரண்டு கேம் கியர். வேறு ஏதாவது விட்டுட்டேனா?

பெல்ட்பக்கம்:

பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட். அது சின்னது என்று விட்டுடுவாங்க, அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள்ளே போய் சிக்கும். கேம் முன் சீல் இரண்டு, வாட்டர் பம்ப், வால்வு கவர் கேஸ்கெட்டும். எக்சாஸ்ட் வால்வுக் கணக்கு ஒத்துக்கிறேன் வெர்னியர் தம்பி.

வெர்னியர்:

அந்தப் பங்கில் பிளக் போட்டு மூடும்போது ஆன்டி சீஸ் (த்ரெட் இறுகாமல் காக்கும் பசை) தடவுங்க. 264 போட்ட பிறகு அதே இடங்களில் திரும்ப அளந்து இங்கே போடுங்க.