கொத்தல ஹிம்புட்டுக் கோப்பையும் காமரங்காச் சாறும்: சீனி வருத்த மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா?

பொகவந்தலாவ டீச்சர் கேட்டது:

அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து ஆறு வருஷம். கிளினிக்கில் அதற்கு மெட்ஃபோமின், கிளிக்லசைட் என்று இரண்டு மாத்திரை கொடுக்கிறார்கள். அது போக, மூன்று மாதமாக வீட்டில் வேறு இரண்டு வைத்தியமும் நடக்கிறது.

ஒன்று, கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பை. கதிர்காமம் போய் வரும் வழியில் வாங்கியது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். மற்றது காமரங்கா, நட்சத்திரப் பழம் என்பார்களே அது. எங்கள் பக்கக் குளிருக்கு அது காய்க்காது. யட்டியாந்தோட்டைச் சித்தி பஸ்ஸில் போட்டு அனுப்புவார். நாலைந்து பழத்தை அடித்துப் பெரிய கிளாஸ் நிறைய, வெறும் வயிற்றில் குடிப்பார்.

போன செவ்வாய் பதினொரு மணி போல அம்மா பீலியடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். பக்கத்துக் காம்பரா அக்காதான் சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். பாடசாலையில் இருந்த எனக்குப் போன் வந்தபோது கையில் இருந்த சோக்கட்டி விழுந்துவிட்டது.

கிளினிக்கில் இதையெல்லாம் சொன்னீர்களா என்று கேட்டால், "சொன்னா ஏசுவாங்க" என்கிறார். இப்போது மஸ்கெலியா உறவுக்காரர் ஒருவர், சீனி வருத்தத்துக்கென்று பேர் எழுதாத பொடி ஒன்றும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பாயி காலத்திலிருந்து காய்ச்சலென்றால் மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்து வளர்ந்த குடும்பம் நாங்கள். மூலிகையை இளப்பமாகப் பேச எனக்கு மனம் வராது. இவற்றை யாராவது முறையாகப் பரிசோதித்திருக்கிறார்களா? எதை நிறுத்துவது, எதை விடுவது?

ஹப்புத்தளைக்காரன்:

டீச்சர், நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இப்போது ஆய்வுகூடத்தில் மூலிகைச் சாறுகளோடுதான் என் வேலை. மற்றதை ஆறுதலாகப் பேசலாம், காமரங்காவை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அதில் ஒக்சலேட் என்ற உப்பு அதிகம். வெறும் வயிற்றில் சாறாகக் குடிக்கும்போது அது நிறைய உடம்பில் சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்குத் துகளாகப் படிகிறது. இலங்கை நோயாளிகள் இருவரைப் பற்றி 2015இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஒருவர் ஒரே தடவையில் நிறையச் சாப்பிட்டுச் சிறுநீரகம் திடீரென்று பழுதானவர். மற்றவர் நெடுநாள் சாப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதானவர். ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பழத்தில் கரம்பொக்சின் என்று ஒரு நச்சு இருப்பதை 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வெளியேற்றச் சிறுநீரகத்தால் முடியாதபோது நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்புவரை போகும். சீனி வருத்தம் சிறுநீரகத்தைத்தான் மெதுவாக அரிக்கிறது. அந்த வருத்தத்துக்கே இந்தச் சாற்றைக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கொத்தல ஹிம்புட்டு கதை வேறு. தமிழில் கடலழிஞ்சில் என்பார்கள். அதிலிருந்து 1997இல் ஜப்பானின் கியோத்தோ ஆய்வாளர்கள் சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்து கிடைத்ததற்கு நம் ஊர்ப் பேரிலேயே கோத்தலனோல் என்று பெயர் வைத்தார்கள். சோறு, ரொட்டி, சீனி எல்லாவற்றையும் குடலில் உடைக்கும் நொதியை இவை தடுக்கின்றன. அதனால் இரத்தத்தில் சீனி மெதுவாக ஏறுகிறது. நம் நாட்டிலேயே 51 நோயாளிகளுக்குத் தேயிலை போலக் கொடுத்துப் பார்த்தார்கள். மூலிகை எது, வெறும் தேயிலை எது என்று யாருக்கும் தெரியாமல், மூன்று மூன்று மாதம் மாற்றி மாற்றி. மூலிகை குடித்த காலத்தில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு, குறைந்திருந்தது. 2005இல் வெளிவந்தது. முன்னோர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் அங்கே கொடுத்தது அளவு தெரிந்த தேயிலை. உங்கள் கோப்பை புதிதாக இருந்தபோது எவ்வளவு இறங்கியது, இப்போது எவ்வளவு இறங்குகிறது, யாருக்கும் தெரியாது. கிளிக்லசைட் தனியாகவே சீனியைக் கீழே தள்ளக்கூடியது. அதோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். தெளிய அரை மணி நேரம் ஆனதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். சாதாரண சீனியை உடைக்கும் நொதியையே மூலிகை தடுத்தால், சீனித் தேத்தண்ணி உடனே வேலை செய்யாது. குளுக்கோஸ் தூள் ஒரு பக்கெட் அடுப்படியில் வைத்திருங்கள். அதற்கு உடைபட வேண்டிய தேவையில்லை.

இன்னொன்று: இந்த வேர்ச்சாறு கொடுத்த எலிகளில் கரு அழிவதும் குட்டிகள் எடை குறைந்து பிறப்பதும் 2003இல் பதிவாகியிருக்கிறது. லயத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தால் அந்தக் கோப்பையை இரவல் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சர்:

மகள், அந்தப் பொடியை வாங்க வேண்டாம். உள்ளே என்ன செடி என்று யாருக்கும் தெரியாது. நிலவேம்பையே எடுத்துக்கொள், அந்த ஒரு பேரில் இரண்டு செடி நம் நாட்டில் நடமாடுகிறது. சிங்களத்தில் பின்கொஹொம்ப, ஹீன் பின்கொஹொம்ப என்பார்கள். முதலாவது அரிது, விலையும் கூட. அதனால் மற்றதைப் போட்டுவிடுவார்கள். செடியாகப் பார்த்தால் தெரிந்தவர் பிரித்துச் சொல்வார். பொடியான பிறகு யார் சொல்வது? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியச் சாப்பிட்ட மருந்தில் ஒரு சீனத்து மூலிகைக்குப் பதிலாக ஆடுதீண்டாப்பாளை இனச் செடி கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது, பலருக்குப் பிறகு புற்றுநோயும் வந்தது.

கோப்பையையே பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோ. ஏச்சு விழுந்தால் விழட்டும், நீ பக்கத்தில் இரு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லிக் கேள்.

பொகவந்தலாவ டீச்சர்:

நேற்று லீவு போட்டு அம்மாவோடு போனேன். டொக்டர் ஏசவில்லை. கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள், மாத்திரை எப்போது என்று அம்மாவிடமே கேட்டு எழுதிக்கொண்டார். கிளிக்லசைட்டைக் குறைத்திருக்கிறார். அடுத்த கிளினிக் வரை கோப்பைத் தண்ணீர் வேண்டாம், பிறகு பார்ப்போம் என்றார். கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஒரு மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

காமரங்கா நின்றுவிட்டது. பொடி வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். யட்டியாந்தோட்டைச் சித்திக்கு இன்று ராத்திரி போன் எடுக்கிறேன். அவரும் இரண்டு வருஷமாக அந்தச் சாறு குடிக்கிறார்.