‘மீட்புச் சிகிச்சை’யா, ‘எஞ்சுதிறன் சிகிச்சை’யா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

எச்.ஐ.வி. பல மருந்துகளுக்கும் மசியாமற்போன பிறகு அளிக்கப்படும் ‘சால்வேஜ் தெரபி’க்குத் (salvage therapy) தமிழ்க் கலைச்சொல்லாகத் தாங்கள் முன்மொழிந்த ‘மீட்புச் சிகிச்சை’ எளியதுதான். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. 2004 ஆழிப்பேரலையையும் 2011 தானே புயலையும் கண்ட எங்கள் கடலூர் முதுநகரில் ‘மீட்பு’ என்றதும் படகும் கயிறுந்தான் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் மாத்திரை உண்டு மீன்பிடித் துறைக்கு வேலைக்குப் போய்வருபவரை வெள்ளத்தில் தத்தளிப்பவராகக் காட்ட வேண்டுமா? போதை மீட்புடனும் அது குழம்பும்.

வைரஸின் மரபுப்பிறழ்வுகள் (மியூட்டேஷன்கள்) எந்த மருந்துகளைக் கெடுத்தன, எவற்றை விட்டுவைத்தன என்ற கணக்கே இச்சிகிச்சைக்கு அடிப்படை. (இதற்குப் பாடநூல்கள் தரும் ‘சடுதிமாற்றம்’ எனக்கு உவப்பில்லை, மருந்தெதிர்ப்பு பெரும்பாலும் படிப்படியாகச் சேர்வது.) கே103என் என்ற ஒரே பிறழ்வு எஃபாவிரென்ஸ், நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் இரண்டையும் வீழ்த்திவிடும், அதே வகுப்பைச் சேர்ந்த எட்ராவிரினை அது மட்டும் வீழ்த்துவதில்லை. கே65ஆர் என்ற பிறழ்வு டெனோஃபோவிர் மருந்தின் வலுவைக் குறைக்கும்போதே, ஜிடோவுடின் என்ற மருந்துக்கு வைரஸை எளிதில் அடங்கச் செய்கிறது. டாருனாவிர் என்ற மருந்தை முறியடிக்கப் பொதுவாகப் பல பிறழ்வுகள் கூட வேண்டும்.

ஆகவே முதலில் ‘எஞ்சுமருந்துச் சிகிச்சை’ என்று எழுதிப்பார்த்தேன். வினைத்தொகையாதலால் எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என முக்காலமும் அதில் அடங்கும். இங்கே அது வெறும் இலக்கண அழகன்று: ஒரு மருந்தை நிறுத்திய பின் அதற்குரிய பிறழ்வு இரத்தப் பரிசோதனையில் தென்படாமற் போகலாம்; ஆனால் உறங்கும் செல்களில் பதுங்கியிருந்து, அம்மருந்தைத் திரும்பக் கொடுத்தால் தலைதூக்கும். எனவே இன்றைய அறிக்கையோடு பழைய அறிக்கைகளையும் மருத்துவர் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

அச்சொல்லை நான் கைவிட்டதற்கு லாமிவுடின் என்ற மருந்தே காரணம். வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்க உதவும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியில் 184ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் என்ற அமினோ அமிலம் வந்தமரும் எம்184வி பிறழ்வு, லாமிவுடினைப் பெரிதும் செயலிழக்கச் செய்கிறது. ஆயினும் பல வேளைகளில் அம்மருந்தை நிறுத்துவதில்லை. அப்பிறழ்வைச் சுமக்கும் வைரஸ் பெருகுவதில் தளர்கிறது. டெனோஃபோவிருக்கும் ஜிடோவுடினுக்கும் முன்னிலும் எளிதில் அடங்குகிறது. தோற்றுப்போன மருந்தை வேண்டுமென்றே உடன்வைத்துக்கொள்ளும் இம்முறையை ‘எஞ்சுமருந்து’ எப்படிச் சுட்டும்? மேலும், வீட்டு டப்பாவில் மிஞ்சிய மாத்திரை என்றும் அதற்குப் பொருள் கொள்வார்கள்.

எனவே ‘எஞ்சுதிறன் சிகிச்சை’ என்பதை முன்வைக்கிறேன். முழுவதும் வேலைசெய்யும் மருந்து, பாதி வேலைசெய்வது, தான் தோற்றுப்போயும் பிறவற்றுக்குத் துணைநிற்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

இதிலும் ஒரு குறையுண்டு: நோயாளியின் உடலில் எஞ்சிய திறன் என்று ஒருவர் படித்துவிடக்கூடும். ‘எஞ்சுமருந்துத்திறன்’ என்று விரித்தால் ஐயம் நீங்கும், ஆனால் நாக்கு தடுக்கும். இரண்டில் எது தக்கதென்று கலைச்சொல் குழுவினர் கருதுகிறீர்கள்?