ஒரு அடி கூட விலகி நின்றிருந்தால்?

ஐந்நூறாம் தட்டு:
எங்கள் ப்ளூ ஜேய்ஸின் ஓட்டக்காரர் ஐகேஎஃப் (ஐசையா கைனர்-ஃபலேஃபா) பற்றி நேற்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார்: "ஐகேஎஃப் மூன்றாம் பேஸில் இருந்து ஒரு அடி கூட விலகி நின்றிருந்தால் கோப்பை எங்களுடையது." அந்த ஆள் வருடத்தில் அக்டோபர் மட்டும் பேஸ்போல் பார்ப்பவர். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் 1, பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ரொறன்ரோ ப்ளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸோடு 11 இன்னிங்ஸ் (வழக்கமாக ஒன்பது) ஆடி 5-4 என்று தோற்றது. இது ஒரு மனிதனின் காலால் வந்த தோல்வியா? 4-2 என்று முன்னால் நின்றோம். எட்டாவதில் டொட்ஜர்ஸின் மன்சி ஒரு ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவதில், கோப்பைக்கு இன்னும் இரண்டு அவுட் மட்டும் பாக்கி இருக்கும்போது, எங்கள் ஹொஃப்மன் போட்ட பந்தை அவர்களின் ரோஹாஸ் வேலிக்கு வெளியே அனுப்பினார். பதினொன்றில் எங்கள் பீபரின் பந்தில் அவர்களின் வில் ஸ்மித். மூன்று ஹோம் ரன். இதில் ஐகேஎஃப் எங்கே வந்தார்?

மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் பிஷெட் ஓட்டானியின் பந்தை மூன்று ரன்னுக்கு அடித்தபோது என் மகன் சோபாவில் இருந்து குதித்துத் தேத்தண்ணியைக் கொட்டினான். கடைசியில் எங்கள் கேர்க்கின் மட்டை முறிந்து டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) ஆனபோது அவன் தொப்பியோடு நித்திரை. கொத்துரொட்டிப் பெட்டி திறந்தபடி கிடந்தது, ஒருவரும் தொடவில்லை. போதாக்குறைக்கு அது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற இரவு. தோற்ற இரவுக்கு ஒரு மணித்தியாலம் இனாம்.

ஸ்காபரோ பெரியப்பு:
தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர். ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, 4-4, ஒரு அவுட், மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள், மூன்றாவதில் ஐகேஎஃப். வார்ஷோ நிலத்தோடு அடிக்கிறார். ரோஹாஸ் தடுமாறி, விழுகிற மாதிரி நின்றுகொண்டு ஹோம் பிளேட்டுக்கு (ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய தட்டு) எறிகிறார். ஐகேஎஃப் அவுட். எவ்வளவு இடைவெளியில்? படத்தை நிறுத்திப் பாரும். ஒரு அடி கூட இல்லை. ஆகவே ஒரு அடி விலகி நின்றிருந்தால் கோப்பை. கணக்கு முடிந்தது.

டொட்ஜர்ஸ் தம்பி:
ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிய யமமோட்டோ அடுத்த நாளே வந்து இன்னும் 34 பந்து வீசினார். அதைப் பற்றி இங்கே ஒரு வரி இல்லை. எங்கள் ஆள் வென்றார் என்று யாருக்கும் சொல்ல மனமில்லை. உங்கள் ஆள் ஓடவில்லை என்றுதான் அழுகை.

மார்க்கம் அக்கா:
ஒரு சின்னக் கேள்வி. "விலகி நிற்பது" என்று எதைச் சொல்கிறீர்கள்? பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பந்தோடு நிற்கும்போது உள்ள தூரத்தையா, பந்து கையை விட்ட பிறகு ஓடுபவர் துள்ளி முன்னே வைக்கிற எட்டுகளையா? இரண்டும் வேறு. "ஒரு அடி" என்றால் 12 அங்குலமா, ஒரு எட்டா? இதைத் தெளிவாக்காமல் கதைத்து என்ன பயன்?

ஸ்காபரோ பெரியப்பு:
ஒரு அடி என்றால் ஒரு அடி.

ஐந்நூறாம் தட்டு:
பெரியப்பு, முந்தின இரவை மறந்துவிட்டீர்களா? ஆறாவது ஆட்டம், அதே ஒன்பதாவது இன்னிங்ஸ். எங்கள் பார்ஜர் இரண்டாம் பேஸில் இருந்து விலகி நின்றார். எங்கள் ஹிமெனேஸ் அடித்ததை டொட்ஜர்ஸின் கிகே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய, பார்ஜர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. 3-1. அங்கே எறிந்ததைப் பிடித்தது யார்? அதே ரோஹாஸ். அப்போது "ஏன் விலகி நின்றாய்" என்று திட்டினீர்கள். அடுத்த நாள் "ஏன் விலகி நிற்கவில்லை" என்று திட்டுகிறீர்கள். பேஸுக்குக் கிட்ட நிற்கும்படி தங்களுக்குச் சொல்லியிருந்தார்கள் என்று ஐகேஎஃப்பே பிறகு விளக்கினார். பலமாக அடித்த பந்து நேரே மூன்றாம் பேஸ்காரர் கைக்குப் போனால் அங்கேயே இரண்டு அவுட் அல்லவா?

ஸ்காபரோ பெரியப்பு:
சொன்னவர்கள் சொல்லட்டும். நிற்கிறவனுக்குக் கண் இல்லையா? 1993 இல் ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்து நாங்கள் கோப்பை வென்ற அந்த இரவு நான் ஸ்கைடோம் மைதானத்துக்குள் இருந்தவன். ரிக்கி ஹெண்டர்சன் பேஸில் எப்படி நின்றார் என்று இந்தக் கண்ணால் பார்த்தவன். நீர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்.

ஐந்நூறாம் தட்டு:
போன வருடம் அந்த இரவு வேலையில் இருந்ததாகவும் வானொலியில் கேட்டதாகவும் இதே இடத்தில் எழுதினீர்கள். இப்போது உள்ளேயே இருந்தீர்களா?

ஸ்காபரோ பெரியப்பு:
அது 1992. அட்லாண்டாவோடு ஆடியது. வாசிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?

சேப்பாக்கம் கேலரி:
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு நடுநிலையாளன். எங்களுக்கு இந்த வலி பழக்கம். 2019 அரையிறுதி, ஓல்ட் டிராஃபோர்டு, கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட். டைவ் அடித்திருந்தால் என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கதை அப்படியே தலைகீழ். தோனி விழுந்திருக்க வேண்டும், உங்கள் ஆள் விழாமல் ஓடியிருக்க வேண்டும். ஹோம் பிளேட்டைத் தாண்டி ஓடினால் தடையில்லையே, எதற்குக் காலை நீட்டிச் சறுக்கினார்? டொராண்டோ தோற்றது அந்தச் சறுக்கலால்தான், தூரத்தால் அல்ல.

ஸ்காபரோ பெரியப்பு:
முதலில் ஊரின் பெயரை ஒழுங்காக எழுதும். ரொறன்ரோ. கிரிக்கெட்டை இங்கே கொண்டு வராதீர்.

சேப்பாக்கம் கேலரி:
ரொறன்ரோவா? ஐயா, அதை வாய்விட்டுப் படித்தால் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகிற சத்தம்தான் வருகிறது.

மார்க்கம் அக்கா:
எழுத்தைப் பழித்தால் நானும் சண்டைக்கு வருவேன், சொல்லிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் அப்படித்தான் எழுதுகிறார்கள். இருக்கட்டும். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எந்த விலகல்? முதலாவதா, இரண்டாவதா?

டொட்ஜர்ஸ் தம்பி:
வில் ஸ்மித்தின் கால் பிளேட்டை விட்டு ஒரு நொடி எழும்பியது, திரும்ப வைத்தார், வீடியோ பார்த்து அவுட் என்று உறுதி செய்தார்கள். அதையும் நீங்களே எடுத்துக்கொண்டு அழலாமே, இன்னும் ஒரு மாதத்துக்கு ஓடும்.

ஐந்நூறாம் தட்டு:
காசைக் கொட்டி வாங்கிய அணிக்கு இவ்வளவு வாயா?

டொட்ஜர்ஸ் தம்பி:
உங்கள் விளாடிக்கு (விளாடிமிர் கெரேரோ) 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது யார்? கோயில் உண்டியலா?

ஐந்நூறாம் தட்டு:
விளாடி எங்கள் வீட்டுப் பிள்ளை. அது வேறு.

ஸ்காபரோ பெரியப்பு:
எல்லோரும் திசை திருப்புகிறீர்கள். பிஷெட்டுக்கு முழங்கால் சரியில்லை, அதனால்தான் அவருக்குப் பதில் ஓட ஐகேஎஃப்பை இறக்கினார்கள். ஓடுவதற்கென்றே இறக்கிய ஆள்! சமையலுக்கென்று கூப்பிட்ட ஆள் அடுப்பு மூட்டாமல் நின்ற கதை. பதினொன்றில் விளாடி டபுள் அடித்துவிட்டு இரண்டாம் பேஸில் நிற்க, பிஷெட் அடிக்க வேண்டிய இடத்தில் அதே ஐகேஎஃப் வந்து பன்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது) போடுகிறார். ஒன்பதாவதில் ஒரு அடி நின்றிருந்தால் பதினொன்றே வந்திருக்காது.

ஐந்நூறாம் தட்டு:
அந்த பன்ட்டால்தான் விளாடி மூன்றாம் பேஸுக்கு வந்தார். அதுவும் குற்றமா? ஒன்பதாவதின் கடைசியில் டொட்ஜர்ஸின் பஹேஸ், ஹெர்னாண்டஸ் மேல் ஏறி விழுந்து எங்கள் கிளெமென்டின் பந்தைப் பிடித்தாரே, அதற்கும் ஐகேஎஃப் பதில் சொல்ல வேண்டுமா? நீங்கள்தானே ஏப்ரலில் "இந்தக் கூட்டம் 80 ஆட்டம் கூட வெல்லாது" என்று எழுதினீர்கள். 94 வென்றார்கள். அதற்கு ஒரு மன்னிப்பு வந்ததா?

ஸ்காபரோ பெரியப்பு:
2024 இல் பிரிவில் கடைசியாக வந்த அணியைப் பற்றி வேறு எப்படி எழுதுவது? நான் நொந்து எழுதினேன். 32 வருடம் காத்திருந்தவனுக்குத்தான் அந்த நோவு தெரியும். நேற்றுத் தொப்பி வாங்கியவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

ஐந்நூறாம் தட்டு:
என் தொப்பி 2015 இல் வாங்கியது. வியர்வைக் கறை இன்னும் இருக்கிறது. படம் போடவா?

மார்க்கம் அக்கா:
தொப்பிப் படம் வேண்டாம். யாராவது ஒருவர், தயவு செய்து, எந்த விலகல் என்று மட்டும் சொல்லுங்கள்.

சேப்பாக்கம் கேலரி:
நான் மறுபடியும் சொல்கிறேன், சறுக்கல். சரி, அது கிடக்கட்டும். அந்த ஆறிப்போன கொத்துரொட்டி எந்தக் கடை? அடுத்த மாதம் டொராண்டோ வருகிறேன்.

ஸ்காபரோ பெரியப்பு:
ரொறன்ரோ. கொத்துப் பற்றிப் பிறகு கதைப்போம். நான் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்: ரோஹாஸ் தடுமாறுகிற இடத்தில் படத்தை நிறுத்துங்கள். ஐகேஎஃப்பின் காலைப் பாருங்கள். பிறகு பேஸைப் பாருங்கள்.

ஐந்நூறாம் தட்டு:
இது நாலாவது "கடைசி", பெரியப்பு.

ஸ்காபரோ பெரியப்பு:
எண்ணத் தெரிகிறது அல்லவா? அப்படியென்றால் அந்த அடியையும் எண்ணும்.